மதுரைக் குப்பையில் தனியார் முதலீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குப்பை மேலாண்மையை அரசு–தனியார் பங்களிப்பில் நடத்தும் பேச்சு வரும்போதெல்லாம் வார்டுக் கூட்டங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. 2025 ஜூலையில் வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்கு 40-வது இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு கேள்விகளில் சூடும் ஏறிவிட்டது. பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு, எதற்காகப் போகிறது என்பதற்கான பதில்கள் மட்டுமே இங்கே இருக்கின்றன. தெருவில் தொட்டி நிரம்பி வழிகிறது என்ற புகாருக்கு மண்டல அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

தனியார் பணம் போட்டு ஆலை கட்டுகிறார்கள் என்றால் மாநகராட்சிக்கு மிச்சம்தானே?

கட்டுகிற வருஷத்தில் மிச்சம்தான். அப்புறம் மிச்சமா செலவா என்பதை ஒப்பந்தம் சொல்லும். தனியார் போடுகிற பணம் நன்கொடை அல்ல. பெரும்பகுதி வங்கிக் கடன், மீதி பங்குதாரர் போட்டது. கடனுக்கு வட்டியும் முதலுக்கு லாபமும் திரும்பி வந்தாக வேண்டும். வரும் வழி இரண்டு: குப்பையிலிருந்து எடுத்த பொருளை விற்ற காசு, மாநகராட்சி தரும் கட்டணம். முதல் வழி வற்ற வற்ற இரண்டாவது ஏறும். அதைக் கட்டுவது நம் வீட்டு வரி.

கணக்குக்காக 100 கோடி ரூபாயில் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிய அரசின் வயபிலிட்டி கேப் நிதி என்ற இடைவெளி மானியத் திட்டம் (தன் வருமானத்தில் கட்டுப்படியாகாத திட்டத்தின் கட்டுமானச் செலவில் விழும் துண்டை அரசு நிரப்புவது), 2020 நவம்பரில் திருத்தப்பட்டபோது, குப்பை, கழிவுநீர், குடிநீர்த் திட்டங்களுக்கு ஒன்றிய அரசு 30 சதவீதம் வரையும் மாநில அரசு 30 சதவீதம் வரையும் தரலாம் என்றானது. முழு மானியமும் கிடைத்தால் 60 கோடி அரசுப் பணம். மீதி 40 கோடியில் 70 சதவீதம் வங்கிக் கடன் என்றால் 28 கோடி. நிறுவனம் தன் கையிலிருந்து எடுப்பது 12 கோடி. மேடையில் யாராவது “100 கோடி தனியார் முதலீடு” என்று அறிவித்தால் இந்தப் பிரிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த மானியத்துக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: ஆலையை ஓட்டும் செலவு முழுவதையும் திட்டத்தின் வருமானமே ஈடுகட்ட வேண்டும். குப்பைத் திட்டங்கள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான்.

மாநகராட்சியிடம் உண்மையிலேயே பணம் இல்லையா?

இருக்கிறது, ஆனால் அள்ளுவதிலேயே கரைகிறது. தூய்மைப் பணியாளர் சம்பளம், டீசல், வண்டிப் பராமரிப்பு எல்லாம் போன பிறகு குப்பையைப் பக்குவப்படுத்த மிஞ்சுவது சொற்பம். இந்தியாவில் அநேகமாக எல்லா நகரங்களுக்கும் இதே நிலைமைதான்.

சொத்து வரி 2022-இல் மாநிலம் முழுவதும் 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. அதோடு திடக்கழிவுக் கட்டணம், அதாவது நாம் குப்பை வரி என்று சொல்வது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பத்து லட்சம் தாண்டிய நகரங்களுக்கென்று தனி நிதி ஒதுக்கியது. அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றுத் தரத்துக்கு, மூன்றில் இரண்டு பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்கும் குப்பைக்கும். இன்னொரு வாசல், 2021 அக்டோபர் 1-இல் தொடங்கிய தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கம் 2.0. குப்பைத் திட்டச் செலவில் ஒன்றியப் பங்கு ஒரு லட்சத்துக்குக் கீழுள்ள ஊருக்கு 50 சதவீதம், பத்து லட்சம் வரை 33, அதைத் தாண்டினால் 25. மேலூருக்குப் பாதி, மதுரைக்குக் கால் பங்கு. பெரிய நகரம் தன் காலில் நிற்கும் என்பது டெல்லியின் நம்பிக்கை.

மேலே சொன்ன மானியங்கள் எல்லாம் பெரும்பாலும் கட்டுவதற்கு. ஓட்டுவதற்கு வருஷா வருஷம் யாரும் தருவதில்லை. தனியாரை அழைக்கும் எண்ணம் பிறப்பதே இந்த இடத்தில்தான்.

குப்பை அள்ளுவதைத் தனியாருக்கு விட்டதும் இந்தப் பங்களிப்பும் ஒன்றா?

இல்லை. வீடு வீடாக வாங்கி லாரியில் ஏற்றுவது சேவை ஒப்பந்தம். வண்டியும் ஆளும் கொண்டுவருகிறார்கள், மாதாமாதம் பில் போடுகிறார்கள். அதைப் பங்களிப்பு என்று அழைப்பது மிகை. ஆலையை வடிவமைத்து, கடன் வாங்கிக் கட்டி, 15 அல்லது 20 ஆண்டு ஓட்டி, கடைசியில் மாநகராட்சியிடம் ஒப்படைப்பதுதான் பங்களிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஹைப்ரிட் ஆன்யூட்டி என்று ஒரு வகை உண்டு. கட்டும்போதே ஒரு பகுதியை அரசு தந்துவிடும், மீதியை ஆண்டுத் தவணையாக வட்டியோடு தரும். சாலைத் திட்டங்களிலும் கங்கை கழிவுநீர்த் திட்டங்களிலும் அதிகம் புழங்குவது இது.

டிப்பிங் கட்டணம் என்கிறார்களே, அது என்ன?

ஆலைக்கு வந்து சேரும் ஒவ்வொரு டன் குப்பைக்கும் மாநகராட்சி நிறுவனத்துக்குத் தரும் தொகை. டெண்டரில் போட்டியே இதன் பேரில்தான் நடக்கும்: யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு.

ஒரு உதாரணம். நாளைக்கு 500 டன், டன்னுக்கு 600 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 3 லட்சம், வருஷத்துக்கு 10 கோடியே 95 லட்சம். ஆண்டுக்கு 5 சதவீத ஏற்றம் என்று ஒரு வரி இருந்தால் இருபதாவது வருஷத்தில் அதே டன்னுக்கு 1,500 ரூபாயைத் தாண்டும். அந்த ஒரு வரியைப் படிக்காமல் 600 ரூபாய் மலிவு என்று கை தூக்கிவிட்டு வந்த கவுன்சிலர்கள் எத்தனையோ ஊர்களில் உண்டு.

இனி எடைமேடைக்கு வருவோம். மொத்தப் பணமும் பிறப்பது அங்கேதான். லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. வித்தியாசம்தான் குப்பை. இரண்டாவது எடையை ஒவ்வொரு முறையும் போடாமல், “இந்த வண்டியின் காலி எடை இவ்வளவு” என்று கம்ப்யூட்டரில் பதிந்துவைத்த எண்ணைக் கழிப்பதும் உண்டு. பதிந்த எண் உண்மையை விட 300 கிலோ குறைவாக இருந்தால், ஒவ்வொரு நடைக்கும் இல்லாத 300 கிலோவுக்குப் பில் போகும். மழை பெய்தால் குப்பை கனக்கும். கட்டட இடிபாடும் சாக்கடைத் தூர்மண்ணும் உள்ளே போனால் இன்னும் கனக்கும். மேலே சொன்ன 500 டன்னில் பத்தில் ஒரு பங்கு மண் என்றால், ஒரு நாளைக்கு 30,000 ரூபாய், வருஷத்துக்கு 1 கோடியே 9 லட்சத்துக்கு மேல், மண்ணுக்குத் தந்த பணம்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. எடைச்சீட்டில் வண்டி எண், நேரம், வார்டு, மொத்த எடை, காலி எடை எல்லாம் இருக்கும். வடக்கே ஆனையூரில் அள்ளிய ஒரு காம்பாக்டர் லாரி தெற்கே வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குக் காலை நேரத்தில் அரை மணிக்குள் இரண்டு நடை வர முடியாது. சீட்டில் அப்படி இருந்தால் அதைக் கேட்க எந்த ஆடிட்டரும் தேவையில்லை, காளவாசல் சிக்னலில் ஒரு நாள் நின்றவர் போதும்.

எடைக்குத் தராமல் வேறு எதற்குத் தருவது?

எதற்குக் காசு தருகிறோமோ அதுதான் நடக்கும். உள்ளே வரும் டன்னுக்குத் தந்தால் டன் வரும், குப்பை குறையாது. வெளியே போகும் பொருளுக்குத் தர வேண்டும்: தரச் சோதனையில் தேறிய உரம், விற்ற எரிவாயு, சிமென்ட் ஆலை எடுத்துக்கொண்டதற்கான ரசீது. எதற்கும் ஆகாமல் கடைசியில் நிலநிரப்புக்கு, அதாவது மண்ணில் கொட்டி மூடும் இடத்துக்குப் போகும் மிச்சம், வந்த எடையில் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் கட்டணத்தில் வெட்டு. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நிறுவனங்கள் முன்-ஏலக் கூட்டத்தில் மூச்சுப் பிடித்து எதிர்க்கும். “நீங்கள் பிரிக்காமல் அனுப்பினால் நாங்கள் என்ன செய்வது?” என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதமும்கூட. அதனால் பிரித்த குப்பையைத் தரும் பொறுப்பை மாநகராட்சியின் பேரிலும், பிரித்து வந்ததைப் பக்குவப்படுத்தும் பொறுப்பை நிறுவனத்தின் பேரிலும் தனித்தனியாக எழுத வேண்டும்.

சென்னை இந்தப் பாதையில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. 2000-இல் மூன்று மண்டலங்களில் ஓனிக்ஸ் நிறுவனம் குப்பை அள்ளத் தொடங்கியபோது எடைக் கணக்கில்தான் பணம். 2020-இல் வந்த ஒப்பந்தங்களில், வீடுகளில் வாங்கினார்களா, பிரித்து வாங்கினார்களா, தொட்டி காலியா என்ற செயல்திறன் மதிப்பெண்களோடு கட்டணம் பிணைக்கப்பட்டது. அந்த மதிப்பெண்ணை யார் போடுவது என்பது அடுத்த தகராறு.

குப்பையில் தங்கமே இருக்கிறது என்கிறார்கள். விற்றுச் சம்பாதிக்க முடியாதா?

விலை போகிற சரக்கு ஆலைக்கு வந்து சேர்வதே இல்லை. அட்டை, பால் கவர், பெட் பாட்டில், இரும்பு, பித்தளை எல்லாம் வீட்டிலேயோ தெருவிலேயோ பிரிந்து பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. இது நல்லதுதான், மாநகராட்சிக்குச் செலவே இல்லாமல் நடக்கும் மறுசுழற்சி. ஆலைக்கு வருவது சோறு, காய்கறிக் கழிவு, இளநீர் மட்டை, துணி, பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், டயப்பர். திட்ட அறிக்கையில் பெட் பாட்டில் விற்பனை வருமானம் என்று ஒரு வரி கண்டால் எழுதியவர் களத்துக்கு வராதவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

உரம்: கலந்த குப்பை ஒரு டன்னில் 150 முதல் 200 கிலோ உரம் தேறும். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் துணுக்கும் கிடந்தால் உசிலம்பட்டி விவசாயி இலவசமாகத் தந்தாலும் வாங்கமாட்டார். நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவியை 2016-இல் ஒன்றிய அரசு அறிவித்ததற்கே காரணம், அது தானாக விற்காது என்பதுதான்.

எரிவாயு: நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 2018 அக்டோபரில் தொடங்கிய சதத் திட்டத்தில் எண்ணெய் நிறுவனங்கள் அழுத்தப்பட்ட உயிர்வாயுவைக் கிலோ 46 ரூபாய்க்கு வாங்குவதாக உறுதி தந்தன. பிரித்த ஈரக் குப்பை ஒரு டன்னில் 30 கிலோ வாயு என்று வைத்தால் 1,380 ரூபாய். உரத்தில் வரும் காசை விட எவ்வளவோ மேல். “பிரித்த” என்ற சொல்லை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எரிபொருள்: எதற்கும் ஆகாத பிளாஸ்டிக்கையும் துணியையும் நறுக்கி, நிலக்கரியோடு எரிக்க ஆர்.டி.எஃப். என்ற குப்பை எரிபொருளாகச் சிமென்ட் ஆலைக்கு அனுப்பலாம். விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகரிலேயே சிமென்ட் ஆலை இருக்கிறது. 100 கிலோமீட்டருக்குள் உள்ள தொழிற்சாலைகள் தம் எரிபொருளில் 5 சதவீதமாவது இப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொன்னன. ஆனால் இதை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் லாரி வாடகை அனுப்புகிறவர் தலையில்தான் விழுகிறது.

எரித்து மின்சாரம் எடுத்தால் ஒரே அடியாக முடிந்துவிடாதா?

நம் குப்பை ஈரம். 1987-இல் டெல்லி திமார்ப்பூரில் டென்மார்க் உதவியோடு 300 டன் எரிக்கும் ஆலை கட்டினார்கள். குப்பைக்குத் தேவையான வெப்பத் திறன் இல்லாததால் சோதனை ஓட்டத்திலேயே சில வாரங்களில் படுத்துவிட்டது. 2016 விதிகள் கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும், மறுசுழற்சிக்கு ஆகாத குப்பையைத்தான் எரிக்கச் சொன்னன. மார்க்கெட் காய்கறிக் கழிவும் வாழை இலையும் கலந்த மதுரைக் குப்பையை அந்த அளவுக்கு உலர்த்துவதற்கே தனிச் செலவாகும். எரித்த வாயுவைச் சுத்திகரிக்கும் கருவிகள்தான் இந்த ஆலைகளில் விலை கூடிய பகுதி. நஷ்டம் வரும்போது முதலில் நிறுத்தப்படுவதும் அவைதான்.

இந்தூரில் மாநகராட்சிக்கே தனியார் காசு தருகிறார்களாமே?

உண்மைதான். 2022 பிப்ரவரியில் திறந்த அந்த உயிர்வாயு ஆலை நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையை எடுத்து, சுமார் 17,000 கிலோ வாயு தரும்படி கட்டப்பட்டது. சுமார் 150 கோடி முதலீடு தனியாருடையது. மாநகராட்சி டிப்பிங் கட்டணம் தருவதில்லை. நிறுவனம்தான் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி மாநகராட்சிக்குக் கட்டுகிறது.

இதைச் சொல்லி நம் ஊரில் டெண்டர் விட்டால் அதே போல் வராது. அங்கே முதலில் வீட்டில் பிரித்தார்கள், பல வருஷம் அதிலேயே உழைத்தார்கள், அதற்குப் பிறகு ஆலை வந்தது. ஆலையில் விழும் குப்பையில் பிளாஸ்டிக் மிகக் குறைவு என்பதால்தான் வங்கி கடன் தர முன்வந்தது. உற்பத்தியில் பாதியையாவது நகரப் பேருந்துகளுக்கு மாநகராட்சி வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியும் இருந்தது. பிரித்த ஈரக் குப்பையும் நிச்சயமான வாடிக்கையாளரும் இருந்தால் மதுரைக்கும் பணம் தேடி வரும். மாட்டுத்தாவணி, பரவை மார்க்கெட்டுகளின் காய்கறிக் கழிவை மட்டும் தனியாக எடுத்துத் தொடங்கினால் வீட்டுப் பிரிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே கிடைப்பது ஏற்கெனவே பிரிந்த சரக்கு.

வெள்ளக்கல்லில் ஏற்கெனவே இதைச் செய்து பார்த்தோமே?

செய்தோம். ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் மதுரை இடம்பெற்றிருந்தது. நம் அளவுள்ள நகரங்களுக்கு ஒன்றியம் 50, மாநிலம் 20, மாநகராட்சி 30 சதவீதம் என்பது பங்கீடு. அவனியாபுரம் வெள்ளக்கல்லில் சுமார் 74 கோடி ரூபாய்க்குத் திட்டம் ஒப்புதலாகி, உரக்கூடமும் அறிவியல் முறை நிலநிரப்பும் தனியார் பங்களிப்பில் வந்தன. பழைய குப்பை மேட்டைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் வேலைக்குப் பின்னால் தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது.

அந்த இடத்தைப் பற்றி நிதிக் கணக்கில் ஒன்று கவனிக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் புதிய நிலநிரப்பு கூடாது, தவிர்க்க முடியாத நிலையில் தடையில்லாச் சான்றோடு 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் அனுமதிக்கலாம் என்பது 2016 விதி. குப்பை இருந்தால் பருந்தும் கொக்கும் வரும், விமானத்துக்கு ஆபத்து. வெள்ளக்கல்லோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில். ஆகவே மீட்கும் நிலத்தில் மறுபடியும் நிலநிரப்பு என்று எந்தத் திட்ட அறிக்கையும் கணக்குப் போட முடியாது. ஆலை கழித்துக்கட்டும் மிச்சத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் லாரிச் செலவு இருபது வருஷக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தனியாரை விட்டுவிட்டு மாநகராட்சியே கடன் வாங்கலாமே?

வாங்கலாம், மதுரை வாங்கியும் இருக்கிறது. உள்வட்டச் சாலைக்காக வாங்கிய கடனை அடைக்க 2001-இல் மதுரை மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. திருப்பிக் கட்ட சுங்கக் கட்டணம் இருந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் 13 சிறு நகராட்சிகள் சேர்ந்து குடிநீர், துப்புரவுக்காகக் கூட்டுப் பத்திரம் வெளியிட்டதும் நாடே பார்த்த முன்னோடி முயற்சி. பின்னால் நின்றது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம், அதுவே 1996-இல் அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது.

மாநகராட்சிக் கடனுக்கு வட்டி, தனியார் எதிர்பார்க்கும் லாபத்தை விடக் குறைவு. ஆனால் சாலையில் சுங்கச்சாவடி போட்டு வசூலித்தது போல் குப்பையில் வசூலிக்க முடியாது. கடன்காரர் கேட்பது “மாதாமாதம் எந்தக் கணக்கில் பணம் விழும்?” என்று. குப்பை வரி முழுதாக வசூலாகி, வேறு செலவுக்குத் தொட முடியாத எஸ்க்ரோ கணக்கில் தனியாக நின்றால் பதில் சொல்லலாம். ஒரு லட்சம் வீடு மாதம் 30 ரூபாய் கட்டினால் வருஷத்துக்கு 3 கோடியே 60 லட்சம். அதைக் காட்டி வாங்கும் கடனுக்கு ஓர் அளவு உண்டு. கட்டுவதை மாநகராட்சிக் கடனில் கட்டி, ஓட்டுவதை மட்டும் தனியாரிடம் குறுகிய ஒப்பந்தத்தில் விடும் வழியும் இருக்கிறது. இங்கே அதைப் பற்றிப் பேச்சே எழாதது எனக்குப் புரியாத புதிர்.

நான் தூய்மைப் பணியாளர். எங்கள் வேலை என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு இனிப்பான பதில் இல்லை. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி வேலையை வெளியே விட வழி செய்தது. அதை ரத்து செய்யும் கோரிக்கை இன்றுவரை எழுந்துகொண்டிருக்கிறது. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குத் தந்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் நடந்த போராட்டத்தை எல்லோரும் பார்த்தோம்.

அள்ளும் ஒப்பந்தத்தில் ஆகப் பெரிய செலவு சம்பளம். டெண்டரில் மிகக் குறைவாகக் கேட்டவருக்குத்தான் வேலை என்றால், குறைத்தது டீசலிலா, ஆள் கணக்கிலா, பி.எஃப்.-இலா என்று யோசியுங்கள். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றையும் போட்டிக்கு வெளியே வைத்து, உள்ளபடியே தந்துவிட்டு, நிர்வாகக் கட்டணத்தில் மட்டும் ஏலம் விட முடியும். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான மாநகராட்சிக்கு வந்துசேரும். பழைய 1970 சட்டத்திலும் அப்படித்தான், இப்போதைய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். மாதப் பில்லோடு வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பட்டியலை இணைக்காமல் பில் பாஸ் ஆகக் கூடாது என்று ஒரு வரி போதும், பாதி வம்பு குறையும்.

குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களும் பழைய பேப்பர் கடைக்காரர்களும்?

“மாநகராட்சி எல்லையில் உருவாகும் குப்பை அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்” என்று ஒரு பிரிவு சில ஒப்பந்தங்களில் நுழைந்துவிடும். அன்றிலிருந்து சாக்கு தூக்கி வரும் பெண் திருடி ஆகிவிடுவார். 2016 விதிகளே அவர்களை அடையாளம் கண்டு வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னன. அந்தப் பிரிவை எடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வார்டிலும் நுண் உரக்கூடம் வைத்தால் பெரிய ஆலையே வேண்டாம் அல்லவா?

நன்றாக நடக்கும் நுண் உரக்கூடம் லாரிச் செலவையும் சேர்த்து மிச்சப்படுத்தும். நாற்றம் வருகிறது என்று பக்கத்து வீட்டார் மூடவைத்தவையும் உண்டு, ஆளில்லாமல் பூட்டிக் கிடப்பவையும் உண்டு. மதுரையில் நாளைக்கு 700 முதல் 800 டன் என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவுக்கு இவை மட்டும் ஈடுகொடுக்காது.

நிதியில் ஒளிந்திருக்கும் முரண் வேறு. ஆலை ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச உத்தரவாத எடை என்று ஒன்று இருக்கும்: மாநகராட்சி தினமும் 500 டன் தரும், தராவிட்டாலும் 500 டன்னுக்குப் பணம் தரும். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு வார்டு உரக்கூடங்களும் மாடித் தோட்டத் தொட்டிகளும் ஜெயித்துக் குப்பை 400 டன்னாகக் குறைந்தால், குறைந்த 100 டன்னுக்கு அபராதம் போலக் காசு தர வேண்டும். ஊர் திருந்தினால் ஊருக்கு நஷ்டம். உத்தரவாத எடை ஆண்டுதோறும் இறங்கும்படி எழுதுவதுதான் இதற்கு மருந்து.

மண்டபங்களும் ஹோட்டல்களும் பங்கு தரமாட்டார்களா?

தர வேண்டும். நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குவோர் பெருந்திரள் உற்பத்தியாளர். ஆயிரம் இலை விழும் கல்யாண மண்டபம் காலைப் பந்தியிலேயே அதைத் தாண்டிவிடும். 2016 விதிகளுக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் என்று அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில் இவர்கள் பொறுப்பு இன்னும் கூடுகிறது. வீடுகளும் ஈரம், உலர், சானிட்டரி, தனிக் கவனம் தேவைப்படுபவை என நான்காகப் பிரிக்க வேண்டும். பிரிக்காத குப்பையை நிலநிரப்புக்கு அனுப்பும் உள்ளாட்சிக்குக் கூடுதல் கட்டணமும் அந்த விதிகளில் இருக்கிறது. ஆகப் பிரிக்காததன் விலை இனி மாநகராட்சி பட்ஜெட்டிலேயே தெரியும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் உடைத்த பூசணியும் மாசி வீதிகளில் கிடப்பதற்கு எந்த விதியிலும் தீர்வு இல்லை. அன்றைக்கு லாரி கூடுதலாக ஓடியே ஆக வேண்டும், அந்தக் கூடுதல் நடைக்கு என்ன விலை என்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கும் அப்படியே.

பிளாஸ்டிக்கைச் சாலையில் போடும் முறை நம் ஊரில்தானே வந்தது?

ஆமாம், தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டது. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் பூசித் தாரோடு கலக்கும் முறை அது. பிஸ்கட் உறைக்கும் கேரி பேக்குக்கும் நல்ல போக்கிடம். சாலை ஒப்பந்ததாரர் கேட்கும்போது மட்டும் தேவைப்படும் சரக்கு என்பதால் ஆலையின் நிரந்தர வருமானமாக வங்கி இதை ஏற்காது.

ஒப்பந்தத்தை நாங்கள் எப்படிப் பார்ப்பது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். “குப்பைத் திட்ட விவரம் தருக” என்று கேட்டால் இரண்டு பக்க விளம்பரம் வரும். சலுகை ஒப்பந்தமும் (ஆலையைக் கட்டி ஓட்டும் உரிமையை நிறுவனத்துக்குத் தரும் மூல ஒப்பந்தம், “கன்செஷன்”) அதன் இணைப்புகளும், ஒரு குறிப்பிட்ட மாதத்தின் எடைமேடைப் பதிவேடு, வேலையைச் சரிபார்க்கும் சுயேச்சைப் பொறியாளரின் மாத அறிக்கை, அந்த மாதம் பிடித்தம் செய்த அபராதம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். மக்கள் பணத்தில் போட்ட பில் ரகசியம் ஆகாது.

நடுவில் நிறுவனம் விட்டுவிட்டு ஓடிவிட்டால்?

நிலம் மாநகராட்சியுடையது, அது எங்கும் போகாது. கடன் கொடுத்த வங்கிக்கு வேறு நிறுவனத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் உரிமை பெரும்பாலும் இருக்கும். நிறுவனத்தின் தவறால் முறிந்தாலும்கூட வங்கிக் கடனில் ஒரு பகுதியை மாநகராட்சி ஏற்க வேண்டும் என்ற பிரிவும் பல ஒப்பந்தங்களில் உண்டு. அந்தச் சதவீதத்தை முதலிலேயே பாருங்கள்.

அடுத்தது, முறிகிற நாளில் வளாகத்தில் குவிந்து கிடக்கும் அரைகுறைக் குப்பை. 50,000 டன் கிடக்கிறது, சலித்து அப்புறப்படுத்த டன்னுக்கு 700 ரூபாய் என்றால் மூன்றரைக் கோடி. நிறுவனம் கட்டிய வங்கி உத்தரவாதம் 2 கோடிதான் என்றால் மீதி ஒன்றரைக் கோடி நம் வீட்டு வரியில். அதனால் வளாகத்தில் எந்த நாளிலும் இத்தனை டன்னுக்கு மேல் தேங்கக் கூடாது என்ற உச்சவரம்பையும், அந்த உச்சவரம்பைக் காலி செய்யும் செலவுக்குக் குறையாத உத்தரவாதத் தொகையையும் டெண்டர் அறிவிப்பிலேயே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்தான பிறகு இதைச் சேர்க்க நிறுவனம் ஒத்துக்கொள்ளாது.